மழைக்கு லைன் போனால் கேமும் போகணுமா? கன்சோல், இணையக் கட்டாயம், வீட்டுக்குள் மைக்

சீகைமரம் | கோத்தகிரி

நவம்பர் மழையில் எங்கள் ஊருக்கு நான்கு நாள் இணையம் இல்லை. கட்டபெட்டு போகும் வழியில் ஒரு கற்பூர மரம் விழுந்து, கம்பத்தோடு ஃபைபரையும் இழுத்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கிவிட்டது. கரண்ட் இரண்டாம் நாள் மாலையே வந்தது. கேபிள்காரத் தம்பி மட்டும் "அண்ணா, கீழே இருந்து ஒயர் வரணும்" என்று நான்கு நாளும் அதே பதிலைச் சொன்னார். செல்போனுக்குத் தோட்டத்து மேட்டில் ஏறி நின்றால் ஒரு கோடு சிக்னல் கிடைக்கும், அவ்வளவுதான்.

பள்ளிக்கு மழை விடுமுறை. அக்கா மகன் எங்களோடுதான் இருக்கிறான், எட்டாம் வகுப்பு. தீபாவளிக்கு அவனுக்கு டிவியில் மாட்டி கேம் ஆடும் பெட்டி, ஒரு கன்சோல் வாங்கினேன். எந்தக் கம்பெனி என்று எழுதவில்லை, அதைப் பிடித்துக்கொண்டு சண்டை வந்துவிடும். பச்சைத் தேயிலைக் காசில் மாதாமாதம் எடுத்துவைத்து வாங்கியது. கரண்ட் வந்ததும் ஓடிப்போய் டிவியைப் போட்டான். கேமின் படம் வந்தது. அழுத்தினான். உரிமத்தைச் சரிபார்க்க முடியவில்லை, இணையத்தில் இணையுங்கள் என்று ஒரு கட்டம் வந்தது. மறுபடி அழுத்தினான், மறுபடி அதே கட்டம். திரும்பி என்னைப் பார்த்து, "மாமா, இதுக்கு இன்னும் காசு கட்டலையா?" என்று கேட்டான்.

முழுக் காசும் கட்டியாகிவிட்டது. ஒரே ஆள் ஆடும் கேம் அது, எதிரே யாரும் இல்லை. நூறு ஜி.பி. இறக்கி உள்ளே வைத்தாயிற்று. பிறகு எதற்கு இணையம்?

இரண்டாவது விஷயம் எனக்கு இன்னும் உறுத்துகிறது. லைன் வந்த பிறகு ஒரு ராத்திரி அவன் நண்பர்களோடு கால்பந்து ஆடிக்கொண்டிருந்தான். ஹெட்செட் போடவில்லை. பாட்டி சாப்பிடக் கூப்பிட்டார், எங்கள் படுகு பேச்சில். உடனே டிவியிலிருந்து முன்பின் தெரியாத ஒரு பையன் குரல் இந்தியில் "யார் அது பேசுறது?" என்று கேட்டது. பாட்டி வாசலில் ஆள் வந்திருக்கிறார் என்று எழுந்துபோய்க் கதவைத் திறந்தார். வெளியே பனியும் இருட்டும்தான். கையில் இருக்கும் கன்ட்ரோலருக்குள் மைக் இருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

மலையில் இருப்பவர்கள் இதையெல்லாம் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?


சேரிங்கிராஸ் | ஊட்டி

முதலில் ஒன்று சொல்லுங்கள். கேம் வாங்கிய அக்கவுண்ட் யாருடையது? பையன் பெயரில் புதிதாகத் திறந்ததா, இல்லை சொந்தக்காரர் யாருடையதாவதா?

ஊட்டியில் பல வருடமாக டிவி, கன்சோல் எல்லாம் மாட்டிக் கொடுக்கிறேன். இந்தப் புகார் மழைக்காலத்தில் தவறாமல் வரும். டிஜிட்டலாக வாங்கிய கேம் இணையம் இல்லாமலும் ஓடும். ஆனால் அந்தக் கன்சோல்தான் 'வீட்டுக் கன்சோல்' என்று அக்கவுண்டில் பதிந்திருக்க வேண்டும். சோனியின் ப்ளேஸ்டேஷன் 5, அதாவது பி.எஸ்.5-ல் அதற்குப் பெயர் 'கன்சோல் ஷேரிங் அண்ட் ஆஃப்லைன் ப்ளே', மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸில் 'ஹோம் எக்ஸ்பாக்ஸ்'. ஒரு சமயத்தில் ஒரு பெட்டிக்குத்தான் அந்தப் பதிவு. வேறு வீட்டில் இருக்கும் பெட்டி அப்படிப் பதிவாகியிருந்தால், உங்கள் வீட்டுப் பெட்டி ஒவ்வொரு தடவையும் இணையம் வழியாகக் கம்பெனியின் கணினியிடம், அதாவது சர்வரிடம் கேட்டுத்தான் திறக்கும். லைன் இல்லையென்றால் திறக்காது.

டிஸ்க் என்றால் கதை வேறு. டிஸ்க்கில் முழு கேமும் இருந்தால் பெரும்பாலும் இணையமே இல்லாமல் ஓடும், அப்டேட் மட்டும் வராது. ஆனால் 2023 கடைசியில் வந்த மெலிசான பி.எஸ்.5-ல் டிஸ்க் டிரைவ் கழற்றி மாட்டும் வகை. அதை முதல் தடவை மாட்டும்போது இணையம் கேட்கும். அதனால் வாங்குகிற அன்றைக்கே, லைன் நன்றாக இருக்கும்போது மாட்டிவிடுங்கள். மழை தொடங்கின பிறகு என்னைக் கூப்பிட்டால் நானும் வந்து கைகட்டி நிற்க வேண்டியதுதான்.


கூடலூர் பஸ் | கூடலூர்

உங்களுக்காவது நான்கு நாள்தான். எங்கள் பக்கம் ஃபைபரே இன்னும் எட்டவில்லை. மாதம் ஒரு தடவை கன்சோலைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்து, பஸ் ஏறி சுல்தான் பத்தேரியில் சித்தப்பா வீட்டுக்குப் போய் இரவெல்லாம் இறக்கிக்கொண்டு வருகிறேன். இதில் மைக் பயம் எங்களுக்கு வேண்டாம், கேட்பதற்குக் கம்பி வேண்டுமே.


பில்டு ஃபெயில் | கோவை

நான் கேம் செய்யும் வேலையில் இருப்பவன். எதிர்த்துப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம், இந்தச் சரிபார்ப்பு ஏன் இருக்கிறது என்று ஒருவராவது சொல்ல வேண்டும்.

2013-ல் எக்ஸ்பாக்ஸ் ஒன் வந்தபோது மைக்ரோசாஃப்ட் போட்ட திட்டத்தைப் பாருங்கள். டிஸ்க்கை ஒரு தடவை போட்டு உள்ளே ஏற்றினால் போதும், அதற்குப் பிறகு டிஸ்க்கே வேண்டாம். எங்கே போனாலும் உங்கள் அக்கவுண்டில் நுழைந்து ஆடலாம். குடும்பத்தில் பத்துப் பேர் வரை பகிரலாம். நல்ல வசதிதான். ஆனால் டிஸ்க் வேண்டாம் என்றால், ஏற்றிய மறுநாளே அதை இன்னொருவருக்கு விற்றுவிட்டு நீங்களும் ஆடிக்கொண்டே இருக்கலாம். அதைத் தடுக்கத்தான் 24 மணி நேரத்துக்கு ஒரு தடவை பெட்டி இணையத்தில் தலைகாட்ட வேண்டும் என்று வைத்தார்கள். வேறொருவர் பெட்டியில் ஆடினால் ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை. யாரையும் துன்புறுத்த வைத்த விதி இல்லை, கணக்கு அப்படி வந்தது. கேம் திருடப்பட்டால் சின்னக் குழுக்களுக்குச் சம்பளமே நின்றுவிடும், அதையும் யோசியுங்கள்.


பழைய கேட்ரிட்ஜ் | வெலிங்டன்

கோவைத் தம்பி சொன்னது சரி, பாதிக் கதையைத்தான் சொன்னார். மீதியை நான் சொல்கிறேன், அந்த வருடம் இதையெல்லாம் ஒன்று விடாமல் படித்தவன்.

அந்தப் பெட்டியை 2013 மே 21 அன்று அறிமுகம் செய்தார்கள். கினெக்ட் என்ற கேமராவும் மைக்கும் கட்டாயம் சேர்ந்தே வரும், அதைக் கழற்றினால் பெட்டி ஓடாது என்ற நிலை. பெட்டி தூங்கும்போதும் 'எக்ஸ்பாக்ஸ் ஆன்' என்று கூப்பிட்டால் எழுந்திருக்க வேண்டும், அதனால் மைக் எப்போதும் காது கொடுத்துக்கொண்டிருக்கும். 24 மணி நேர விதியை ஜூன் 6 அன்று எழுத்தில் வெளியிட்டார்கள். அதே ஜூன் 6 அன்றுதான் அமெரிக்க உளவுத்துறையின் ப்ரிசம் என்ற இணையக் கண்காணிப்பு விவகாரம், அங்கே ஒப்பந்த ஊழியராக இருந்த ஸ்னோடன் கொடுத்த ஆவணங்களை வைத்து, செய்தித்தாள்களில் வெடித்தது. ஹாலில் எப்போதும் கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு பெட்டியை விற்பதற்கு அதைவிட மோசமான நாள் கிடைக்காது.

இணையம் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டபோது, அப்போது அந்தப் பிரிவின் தலைவராக இருந்த டான் மேட்ரிக், அவர்களுக்குத்தான் பழைய பெட்டியான எக்ஸ்பாக்ஸ் 360 இருக்கிறதே என்று பதில் சொன்னார். அதைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் நினைவிருக்கிறது. நம்மைப் போல மலையில் இருப்பவன் பழையதை வைத்துக்கொள்ள வேண்டியதுதான் என்று அர்த்தம். சோனிக்காரர்கள் ஜூன் 10 மேடையில், பி.எஸ்.4-க்கு அப்படி எந்தச் சரிபார்ப்பும் வேண்டாம் என்று சொல்லி கைத்தட்டல் வாங்கினார்கள். ஜூன் 19 அன்று மைக்ரோசாஃப்ட் விதியை வாபஸ் வாங்கியது. ஆகஸ்டில் கினெக்ட் மாட்டாமலும் ஓடும் என்றார்கள், 2014 ஜூனில் கினெக்ட் இல்லாத பெட்டியே விலைக்கு வந்தது. கினெக்ட் தயாரிப்பு 2017-ல் நின்றுபோனது.

விதியை எழுத்தில் வெளியிட்ட இரண்டே வாரத்தில் இறங்கிவந்தார்கள் என்பதை மறந்துவிடாதீர்கள். ஆடுகிறவர்கள் வாயைத் திறந்து கேட்டதால்தான் அது நடந்தது.

ஆனால் அன்றைக்கு வாசல் வழியாக வெளியே போன விதி, இப்போது கொல்லை வழியாக உள்ளே வந்துவிட்டது. டிஸ்க் போட வழியே இல்லாத பெட்டிகளும் விற்பனைக்கு வந்துவிட்டன. நின்டெண்டோ கம்பெனியின் ஸ்விட்ச் 2 கன்சோலில் 'கேம் கீ கார்டு' என்று ஒன்று வந்திருக்கிறது. அட்டை கையில் இருக்கும், அதற்குள் கேம் இருக்காது. முதல் தடவை இணையத்தில் இறக்க வேண்டும், பிறகு அட்டையைச் சொருகினால் லைன் இல்லாமலும் ஓடும். சர்வரே படுத்துவிட்டால் இன்னொரு பிரச்சினை. 2011 ஏப்ரலில் ப்ளேஸ்டேஷன் நெட்வொர்க்கை உடைத்து 7.7 கோடி அக்கவுண்டுகளின் விவரத்தை எடுத்துக்கொண்டு போனார்கள், 23 நாள் நெட்வொர்க்கே இல்லை. 2025 பிப்ரவரியில் மறுபடி ஏறக்குறைய ஒரு நாள் உலகம் முழுக்க முடங்கியது.


பில்டு ஃபெயில் | கோவை

ஒத்துக்கொள்கிறேன் சார். கொல்லை வழி என்றதும் சரிதான். எங்கள் தொழிலிலேயே எனக்குப் பிடிக்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். யூபிசாஃப்ட் என்ற கேம் கம்பெனி 'தி க்ரூ' என்ற கார் கேமின் சர்வரை 2024 மார்ச் 31 அன்று நிறுத்தியது. தனியாக ஓட்டினாலும் சர்வர் வேண்டும் என்று கட்டிய கேம் அது. டிஸ்க் வைத்திருந்தவர் கையிலும் வெறும் பிளாஸ்டிக்தான் மிஞ்சியது. அதிலிருந்துதான் விற்ற கேமை முடக்காதே என்று கேட்கும் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கம் கிளம்பியது, ஐரோப்பாவில் பத்து லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல், டிஜிட்டலாக விற்பவர்கள் இது உரிமம்தான், சொந்தம் இல்லை என்று வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும்.

கேமைக் கட்டும்போதே, சர்வர் போன பிறகும் ஓடும்படி ஒரு வழி வைத்துக் கட்டலாம். வேலை கூடுதல், ஆனால் முடியாத வேலை இல்லை. ஆரம்பத்திலேயே யோசிக்க வேண்டும், கடைசியில் ஒட்டுப்போட்டால் வராது.

மைக் விஷயத்தில் மட்டும் நீங்கள் அதிகம் பயப்படுகிறீர்கள் என்று நினைக்கிறேன். உங்கள் சட்டைப்பையில் இருக்கும் போன் இதைவிடப் பத்து மடங்கு தெரிந்துவைத்திருக்கிறது.


குன்னூர் அம்மா | குன்னூர்

அந்தக் கடைசி வரிக்குத்தான் பதில் எழுத வந்தேன்.

போன் என்னுடையது தம்பி. அதில் 'சம்மதம்' என்று அழுத்தியது நான். தப்போ சரியோ என் கைதான். கன்சோல் ஹாலில் இருக்கிறது. அழுத்தியது பன்னிரண்டு வயசுக் குழந்தை, அதுவும் சீக்கிரம் ஆடணும் என்ற அவசரத்தில், ஒரு வரிகூடப் படிக்காமல். அந்த ஹாலில் என் மாமியார் உட்கார்ந்து மருந்து கணக்கு பேசுவார். நானும் என் வீட்டுக்காரரும் சீட்டுப் பணம் பேசுவோம். சண்டையும் போடுவோம். நாங்கள் யாரும் எதிலும் சம்மதம் என்று அழுத்தவில்லை. கோத்தகிரி அண்ணா வீட்டுப் பாட்டியும் அழுத்தவில்லை, அவர் கதவைத்தான் திறக்கப் போனார். போனைப் பற்றிச் சொல்லி இதை ஒதுக்கிவிட முடியாது.

மகள் கேட்டாள் என்று வாங்குவதற்கு முன் ஒரு மாதம் படித்தேன். தெரிந்துகொண்டதை எழுதுகிறேன், மற்ற அம்மாக்களுக்கும் உதவட்டும். பி.எஸ்.5-ல் குரல் அரட்டையின் கடைசி ஐந்து நிமிடம் பெட்டிக்குள்ளேயே பதிவாகிக்கொண்டிருக்கும். யாராவது அசிங்கமாகப் பேசினால் புகார் செய்ய அது. புகார் செய்தால் மட்டும் அதிலிருந்து ஒரு சின்னத் துண்டு, 40 விநாடி வரை, கம்பெனிக்குப் போகும். எக்ஸ்பாக்ஸிலும் 2023 முதல் இதே மாதிரி 60 விநாடித் துண்டை எடுத்து அனுப்பலாம். இதில் நல்லதும் இருக்கிறது, என் பெண்ணை யாராவது மிரட்டினால் ஆதாரம் வேண்டும்தானே. ஆனால் அந்தத் துண்டில் பின்னால் பேசுகிற பெரியவர்களின் குரலும் இருக்கும் என்பதை எந்த அட்டைப்பெட்டியிலும் போடவில்லை.

பயப்படக் காரணம் இல்லை என்று சொல்பவர்களுக்கு இன்னொன்று. அமெரிக்காவில் வணிகத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான எஃப்.டி.சி. 2023 ஜூனில் மைக்ரோசாஃப்டுக்கு இரண்டு கோடி டாலர் அபராதம் போட்டது. பெற்றோர் அனுமதி வாங்காமல் எக்ஸ்பாக்ஸில் குழந்தைகளின் விவரத்தை வாங்கியதற்கு. அக்கவுண்ட் திறப்பதைப் பாதியில் விட்டுவிட்ட குழந்தைகளின் விவரத்தைக்கூடப் பல வருடம் வைத்திருந்தார்களாம். நம் நாட்டில் 2023-ல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 2025 நவம்பரில் அதன் விதிகள் வந்தன. பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் சம்மதம் சரிபார்த்து வாங்க வேண்டும், குழந்தையின் நடத்தையைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டக் கூடாது. கம்பெனிகள் முழுக்கக் கடைப்பிடிக்க 18 மாதம் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அதுவரை நாம்தான் காவல்.

சேரிங்கிராஸ் அண்ணா, மைக்கை நிரந்தரமாக மூட வழி உண்டா?


சேரிங்கிராஸ் | ஊட்டி

உண்டு அக்கா. பி.எஸ்.5 கன்ட்ரோலரின் நடுவில் ஒரு சின்னப் பட்டன் இருக்கும். அழுத்தினால் ஆரஞ்சு விளக்கு எரியும், மைக் மூடிவிட்டது என்று அர்த்தம். ஆனால் குழந்தை அதைத் தட்டித் திறந்துவிடும். அதனால் செட்டிங்ஸில் சவுண்ட், மைக்ரோஃபோன் போய், ஆன் செய்யும்போதே மூடியிருக்கும்படி வைத்துவிடுங்கள். அக்கவுண்டை உண்மையான பிறந்த தேதி போட்டுக் குழந்தை அக்கவுண்டாகத் திறங்கள். அவசரத்தில் எல்லோரும் 1990 என்று போட்டுவிடுகிறார்கள். அப்படிப் போட்டால் பெற்றோர் பூட்டு எதுவும் வேலை செய்யாது, யார் வேண்டுமானாலும் பேசலாம். சரியாகப் போட்டால், பேச்சே வேண்டாம் என்று நீங்கள் மூடிவிடலாம்.

இன்னொன்று, 'டேட்டா யூ ப்ரொவைட்' என்று பிரைவசி பக்கத்தில் இருக்கும். அதில் 'லிமிடெட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். எக்ஸ்பாக்ஸில் 'ஆப்ஷனல் டேட்டா'வை அணைத்துவிடுங்கள். நான் மாட்டிக்கொடுக்கும் எல்லா வீட்டிலும் இதைச் செய்துவிட்டுத்தான் கிளம்புகிறேன், கேட்டாலும் கேட்காவிட்டாலும்.


மலைப்பூண்டு | பூம்பாறை, கொடைக்கானல்

நான் ஹோம்ஸ்டே நடத்துகிறேன். மழையில் அடைபட்டுக் கிடக்கும் பிள்ளைகளுக்கு என்று ஒரு கன்சோல் வைத்தேன். இந்த இழையில் வராத ஒரு ஆபத்தைச் சொல்கிறேன்.

வருகிறவர்கள் தங்கள் அக்கவுண்டில் நுழைந்து ஆடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை வத்தலகுண்டு ரோட்டில் நெரிசல் என்று அவசரமாகக் கிளம்புவார்கள். வெளியேற மறந்துவிடுவார்கள். ஒரு குடும்பம் அப்படிப் போனது. அடுத்த வாரம் வந்த குடும்பத்துச் சின்னப்பையன், திரையில் இருந்த பெயரை அழுத்தியிருக்கிறான். உள்ளே கார்டு விவரம் சேமித்து இருந்தது, எதையோ வாங்க அழுத்தியதும் கேட்காமலே பணத்தை எடுத்துக்கொண்டது. முன்பு வந்தவர் சென்னையிலிருந்து கூப்பிட்டபோது எனக்குக் கை நடுங்கியது. பணத்தை நான்தான் கொடுத்தேன். பணம்கூடப் போகட்டும், அவர் பெயர், நண்பர்கள் பட்டியல், அவர்கள் அனுப்பிய செய்தி எல்லாம் ஒரு வாரம் என் வீட்டு ஹாலில் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி திறந்து கிடந்தது.

இப்போது யாரையும் சொந்த அக்கவுண்டில் நுழைய விடுவதில்லை. கார்டு இல்லாத ஒரு பொது அக்கவுண்ட், ஏழெட்டு டிஸ்க், பெட்டியில் வைஃபை அணைத்து வைத்திருக்கிறேன். பிள்ளைகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே பெட்டியில் ஆடுகிறார்கள். டிஸ்க்கை ஊதித் துடைத்துப் போடச் சொல்லிக் கொடுத்தேன், எங்கள் காலத்தில் கேட்ரிட்ஜை ஊதின மாதிரி.

வெளியே எங்கேயாவது நுழைந்துவிட்டு மறந்து வந்தவர்கள், ப்ளேஸ்டேஷன் என்றால் இணையத்தில் உங்கள் அக்கவுண்ட் பக்கம் போய் 'எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு' என்று கொடுத்தால் போதும். இப்போதே போய்ப் பாருங்கள்.


சீகைமரம் | கோத்தகிரி

எல்லோருக்கும் நன்றி. சேரிங்கிராஸ் கேட்ட கேள்விதான் சாவி. அக்கவுண்ட் கோவையில் இருக்கும் என் பெரியம்மா பேரனுடையது. கேம்கள் அவனிடம் இருக்கிறதே என்று அதையே போட்டுவிட்டோம். அவன் வீட்டுப் பெட்டிதான் 'வீட்டுக் கன்சோல்' என்று பதிந்திருந்தது. நேற்று ராத்திரி போனில் பேசி அதை எங்கள் பெட்டிக்கு மாற்றினோம். "எங்க வீட்டுல லைன் போறதே இல்ல சித்தப்பா, நீங்களே வெச்சுக்குங்க" என்றான்.

மாற்றியதும் ரூட்டரின் ஒயரைப் பிடுங்கிவிட்டுச் சோதித்தேன். அன்று மறுத்த கேம் திறந்தது. இன்னொன்று, அதுவும் தனியாக ஆடும் கேம்தான், திறக்கவே இல்லை. அது சர்வரோடு கட்டியது போலிருக்கிறது. டிஸ்க்கில் வாங்கிய அந்தக் கேமின் அட்டைப்பெட்டியை எடுத்துப் பார்த்தேன். பின்பக்கம் அடியில், கண்ணாடி போட்டாலும் சிரமப்படுகிற எழுத்தில், இணையம் தேவை என்று இருக்கிறது. இதைக் காசு கொடுக்கும் இடத்தில் பெரிதாகப் போட வேண்டும் பில்டு ஃபெயில் தம்பி. உங்கள் ஆட்களிடம் சொல்லுங்கள்.

குன்னூர் அக்கா எழுதியதை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். மைக் மூடியாகிவிட்டது. பையனுக்குத் தனி அக்கவுண்ட், சரியான பிறந்த தேதியோடு. பாட்டியிடம் இனி டிவிக்குள் இருந்து யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று சொன்னேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: அன்றைக்குக் கேட்டது யார் வீட்டுப் பிள்ளை, அந்த நேரத்தில் அது சாப்பிட்டதா?

சேரிங்கிராஸ், பழைய கால்பந்து டிஸ்க் ஏதாவது உங்களிடம் இருக்கிறதா? சனிக்கிழமை ஊட்டிக்கு வரும் வேலை இருக்கிறது.


சேரிங்கிராஸ் | ஊட்டி

இரண்டு இருக்கிறது. மதியத்துக்கு மேல் வாருங்கள். பையனையும் கூட்டி வாருங்கள், போட்டுப் பார்த்து எடுக்கட்டும்.